பிரம்பும் பரிவும்: சிறார் கதைகளில் ஆசிரியர்கள்

சிறார் கதைகளில் வரும் ஆசிரியர்களில் கொடுமைக்காரர்கள்தான் சட்டென்று நினைவுக்கு வருகிறார்கள். டிக்கன்ஸின் ஸ்குவியர்ஸ், ரோல்ட் டாலின் டிரஞ்ச்புல், ரௌலிங்கின் அம்பிரிட்ஜ் என்று பெயரைச் சொன்னதும் முகம் தோன்றிவிடுகிறது. நல்ல ஆசிரியர்களை அப்படி நினைவுக்குக் கொண்டுவர முடிவதில்லை. அவர்கள் செய்த ஏதாவது ஒரு காரியத்தைச் சொன்னால்தான் ஆள் பிடிபடும். எழுதுகிறவருக்கும் கொடியவரைப் படைப்பது சுலபம். ஒரு பிரம்பு, ஒரு உறுமல், ஓர் இருட்டறை இருந்தால் போதும். அன்பானவரைப் படைக்க அவருடைய அன்பு எந்தச் செயலில் வெளிப்பட்டது என்று காட்டியாக வேண்டும். அந்தச் செயல்களை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு பொது அம்சம் தெரிகிறது. கொடிய ஆசிரியருக்குப் பின்னால் எப்போதும் ஒரு நிறுவனம் நிற்கிறது: பள்ளியின் வரவு செலவு, சமயத்தின் பெயர், அரசாங்கத்தின் ஆணை, பெற்றோரின் சம்மதம் என்று ஏதோ ஒன்று. அன்பான ஆசிரியர் பெரும்பாலும் தனி ஆள். அவர் காட்டும் பரிவு எங்கோ ஒரு விதியை மீறுகிறது, அதற்கு அவர் விலையும் கொடுக்கிறார்.

ஆங்கிலத்தில் பிள்ளைகளுக்கென்றே எழுதப்பட்ட முதல் பள்ளிக்கூட நாவல் என்று பொதுவாகக் கருதப்படுவது சாரா ஃபீல்டிங் 1749இல் வெளியிட்ட ‘தி கவர்னஸ்’. ஒன்பது சிறுமிகளை வைத்துப் பள்ளி நடத்தும் திருமதி டீச்சம், ஆப்பிள் பழத்துக்காக அடித்துக்கொண்ட சிறுமிகளைக் கடுமையாகத் தண்டிக்கிறார். அதை நூல் கொடுமையாகக் காட்டவில்லை. கண்டிப்பது ஆசிரியரின் கடமை, திருந்துவது பிள்ளையின் கடமை என்பதே அந்தக் காலத்து எண்ணம். பிள்ளை அடிபடுவது அநீதி என்று வாசகர் உணர வேண்டுமானால் கதை ஆசிரியரின் நாற்காலியை விட்டு இறங்கி, பிள்ளை உட்கார்ந்திருக்கும் பெஞ்சுக்கு வர வேண்டும். ஆங்கில நாவலில் அந்த இடமாற்றம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் முழுமையாக நடந்தது. நடத்திக் காட்டிய முக்கியமான இருவர் சார்லஸ் டிக்கன்ஸும் சார்லட் பிராண்டேயும். இருவரும் எழுதியது பெரியவர்களுக்காக. ஆனால் பின்னால் வந்த சிறார் எழுத்தாளர்கள் தங்கள் கொடிய ஆசிரியர்களுக்கான அச்சை இவர்களிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள்.

1838ஆம் ஆண்டு குளிர்காலத்தில் டிக்கன்ஸ் தம் ஓவியர் ஹாப்லட் பிரவுனுடன் வட இங்கிலாந்தின் யார்க்ஷயருக்குப் போனார். அங்கே மலிவான விடுதிப் பள்ளிகள் பல இருந்தன. வீட்டில் யாருக்கும் வேண்டாத பிள்ளைகளை, அதாவது திருமணத்துக்கு வெளியே பிறந்தவர்களை, முதல் தாரத்துப் பிள்ளைகளை, அநாதையாகி உறவினர் கையில் சிக்கியவர்களை, கண்காணாத இடத்துக்கு அனுப்பிவைக்க அவை வசதியாக இருந்தன. விடுமுறை கிடையாது என்பதையே அந்தப் பள்ளிகள் விளம்பரத்தில் போட்டன. போஸ் என்ற ஊரில் வில்லியம் ஷா நடத்திய பள்ளியில் மாணவர்கள் பார்வை இழந்ததாக 1823இல் வழக்கு நடந்தது. ஷா நஷ்டஈடு கட்டினார், பள்ளி தொடர்ந்து நடந்தது. டிக்கன்ஸ் தாம் யாரென்று சொல்லாமல், பிள்ளைக்குப் பள்ளி தேடும் ஒரு விதவைத் தாயின் சார்பில் வந்தவர் போல விசாரித்துத் தகவல் திரட்டினார். அந்தப் பயணத்திலிருந்து பிறந்ததுதான் ‘நிக்கோலஸ் நிக்கிள்பி’யில் வரும் டூதபாய்ஸ் ஹால் பள்ளியும் அதன் உரிமையாளர் ஸ்குவியர்ஸும்.

ஸ்குவியர்ஸை வெறும் கொடூரனாகப் படிப்பது போதாது. அவருடைய கொடுமையின் ஒவ்வொரு அங்கத்துக்கும் பின்னால் வரவு செலவுக் கணக்கு இருக்கிறது. காலையில் பையன்களுக்குக் கந்தகமும் வெல்லப்பாகும் கலந்து ஊட்டப்படுகிறது. உடம்புக்கு நல்லது என்பது வெளியே சொல்லும் காரணம். பசி செத்துவிடும், காலைச் சாப்பாட்டுச் செலவு மிச்சம் என்பது உள்காரணம். அதை ஸ்குவியர்ஸின் மனைவியே சொல்கிறாள். ஜன்னல் என்ற சொல்லைத் தப்பும் தவறுமாக எழுத்துக்கூட்டிச் சொல்லித்தந்து, உடனே பையனை ஜன்னல் துடைக்க அனுப்புவது அவருடைய ‘செயல்முறைக் கல்வி’. வேலைக்காரர் சம்பளமும் மிச்சமாகிறது. பிள்ளைகளை அங்கே அனுப்பியவர்களுக்கும் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்ளும் அக்கறை இல்லை. ஆண்டுக்கு 20 கினி கட்டணத்துக்கு அவர்கள் வாங்கியது படிப்பை அல்ல, பிள்ளையின் இல்லாமையை. நாவல் வெளியான பிறகு அந்தப் பள்ளிகள் மளமளவென்று சரிந்தன. ஒரு கதாபாத்திரம் இத்தனை நேரடியாக உலகத்தில் வேலை செய்தது அபூர்வம்.

சார்லட் பிராண்டேயின் ‘ஜேன் அயர்’ (1847) காட்டும் லோவுட் பள்ளியில் கொடுமை பக்தியின் உடையில் வருகிறது. பொருளாளரான பிராக்கிள்ஹர்ஸ்ட் அநாதைச் சிறுமிகளின் உடலை வருத்தினால் ஆன்மா காப்பாற்றப்படும் என்று பேசுகிறார். ஒரு சிறுமியின் இயல்பான சுருட்டை முடியைப் பார்த்து ஆத்திரப்பட்டு வெட்டச் சொல்கிறார். அதே நேரத்தில் பட்டும் வெல்வெட்டும் ரோம ஆடையும் அணிந்து, கூந்தலைச் சுருட்டி அலங்கரித்துக்கொண்டு அவருடைய மனைவியும் மகள்களும் உள்ளே வருகிறார்கள். பிராண்டே அந்த இடத்தில் வேறு விளக்கம் எதுவும் தரவில்லை, தரத் தேவையுமில்லை. ஜேனை முக்காலி மேல் ஏற்றி நிறுத்தி, இவள் பொய்க்காரி, யாரும் இவளோடு பேசக்கூடாது என்று பள்ளி முழுக்கக் கேட்க அறிவிக்கிறார் பிராக்கிள்ஹர்ஸ்ட்.

இது கற்பனையில் மட்டும் விளைந்ததல்ல. பிராண்டே சகோதரிகள் நால்வர் கவன் பிரிட்ஜ் என்ற ஊரில் பாதிரிமார்களின் மகள்களுக்காக நடத்தப்பட்ட பள்ளியில் படித்தார்கள். மூத்தவர்களான மரியாவும் எலிசபெத்தும் அங்கே நோய்ப்பட்டு வீடு திரும்பி 1825இல் இறந்துபோனார்கள். பள்ளியை நிறுவிய வில்லியம் கேரஸ் வில்சன் என்ற பாதிரியார் ‘சில்ட்ரன்ஸ் ஃப்ரெண்ட்’ என்ற சிறுவர் இதழையும் நடத்தியவர். பாவத்துக்குப் பயந்து பக்தியோடு சாகும் குழந்தைகளின் கதைகள் அதில் நிறைய வந்தன. இலக்கியத்தின் மிகப் புகழ்பெற்ற கொடிய பள்ளி அதிகாரிகளில் ஒருவருக்கு மாதிரியாக இருந்தவர், தாமே சிறார் இலக்கியம் வெளியிட்டவர். பிராக்கிள்ஹர்ஸ்ட் ஜேன் கையில் தரும் துண்டுப் பிரசுரத்தில் பொய் சொன்ன சிறுமி ஒருத்தியின் திடீர் மரணக் கதை இருப்பதை இந்தப் பின்னணியோடு படிக்க வேண்டும்.

லோவுடிலேயே அன்பான ஆசிரியரின் முன்மாதிரியும் கிடைக்கிறது. காலைக் கஞ்சி தீய்ந்துபோய்ப் பிள்ளைகள் பட்டினியாக இருந்த நாளில் மேற்பார்வை ஆசிரியை மிஸ் டெம்பிள் தம் பொறுப்பில் எல்லோருக்கும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொடுக்கிறார். அதற்காக அவர் பிராக்கிள்ஹர்ஸ்டிடம் பேச்சு வாங்க வேண்டியிருக்கிறது. ஜேனின் மேல் சுமத்தப்பட்ட பழியை, விவரம் தெரிந்தவருக்குக் கடிதம் எழுதி விசாரித்து, அதே பள்ளிக்கூடத்தின் முன்னால் நீக்குகிறார். குற்றச்சாட்டு பொதுவில் வைக்கப்பட்டது; தீர்ப்பும் பொதுவில் சொல்லப்பட்டால்தான் நியாயம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பின்னால் வந்த எத்தனையோ நல்லாசிரியர்களிடம் இல்லாத நுட்பம் இது.

பிரம்பைத் தொடாமலே பிள்ளையை நொறுக்கும் ஆசிரியர்களை எழுதுவது இன்னும் கடினம். ரவீந்திரநாத் தாகூர் 1891இல் எழுதிய ‘கின்னி’ என்ற சிறுகதை அந்த வகையில் தனித்து நிற்கிறது. சிவநாத் பண்டிதர் மாணவர்களுக்குப் பட்டப்பெயர் வைப்பவர். ஆஷு என்ற கூச்ச சுபாவமுள்ள பையன் தன் தங்கையோடு பொம்மைக் கல்யாணம் விளையாடுவதை ஒரு மழைநாளில் அவர் பார்த்துவிடுகிறார். மறுநாள் வகுப்பில் அதை எல்லோருக்கும் சொல்லி, வீட்டுக்காரி என்று பொருள்படும் ‘கின்னி’ என்ற பெயரை அவனுக்குச் சூட்டுகிறார். அடி ஒன்றுகூட விழவில்லை. அந்தப் பையன் வீட்டில் பத்திரமாக வைத்திருந்த ஓர் இடத்தை, தங்கையோடு இருந்த அந்தச் சந்தோஷத்தை, ஆசிரியர் வகுப்புக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அடித்த தழும்பு ஆறிவிடும். வகுப்பு பிடித்துக்கொண்ட பெயர் பையன் பள்ளியை விட்டுப் போகும்வரை கூடவே வரும்.

கனடாவில் எல். எம். மாண்ட்கோமரி எழுதிய ‘ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்’ (1908) நாவலிலும் இதே வகை ஆசிரியர் ஒருவர் உண்டு. கேலி செய்த பையனின் தலையில் சிலேட்டை உடைத்ததற்காக ஆன் என்ற சிறுமியைக் கரும்பலகையின் முன்னால் நிறுத்தி, அவளுடைய கோபத்தைப் பற்றி அவள் தலைக்கு மேலே எழுதிவைக்கிறார் மிஸ்டர் ஃபிலிப்ஸ். அதில் அவள் பெயரையும் பிழையாக எழுதுகிறார். மறுநாள் தாமதமாக வந்த பலரில் அவளை மட்டும் பிடித்துத் தண்டிக்கிறார். ஆன் பள்ளிக்குப் போக மறுக்கிறாள். அவளை வளர்க்கும் மரில்லாவும் வற்புறுத்தாமல் விட்டுவிடுகிறாள். மாண்ட்கோமரி தாமே ஆசிரியையாக வேலை பார்த்தவர். பிள்ளைகளைக் கலங்கடிப்பது தண்டனையின் அளவைவிட அதன் பாரபட்சம்தான் என்பது அவருக்கு உள்ளிருந்து தெரியும்.

ரோல்ட் டாலின் ‘மட்டில்டா’ வெளிவந்தது 1988இல். பிரிட்டனின் அரசுப் பள்ளிகளில் மாணவர்களை அடிப்பது சட்டப்படி நின்றது அதற்கு முந்தைய ஆண்டுதான். டால் தாம் பட்ட பிரம்படிகளை 1984இல் ‘பாய்’ என்ற நூலில் விவரித்தவர். அந்தத் தழும்புகளை அவர் கடைசிவரை மறக்கவில்லை. அவருடைய நாவலில் வரும் தலைமையாசிரியை டிரஞ்ச்புல் ஒலிம்பிக் சுத்தியல் வீராங்கனை. இரட்டைச் சடை போட்ட சிறுமியைச் சடையைப் பிடித்துச் சுழற்றி மைதானத்துக்கு அப்பால் வீசுகிறாள். ஆணியும் கண்ணாடிச் சில்லும் பதித்த ஒடுங்கிய அலமாரியில் பிள்ளைகளை நிற்கவைக்கிறாள். மிகை என்றுதான் தோன்றும். அந்த மிகைக்குள் டால் ஒரு கூர்மையான அவதானத்தை வைத்திருக்கிறார். பெற்றோர் ஏன் புகார் செய்வதில்லை என்று தோழி கேட்கும்போது, யாரும் நம்ப முடியாத அளவுக்குச் செய்வதுதான் டிரஞ்ச்புல்லின் தந்திரம் என்று மட்டில்டா விளக்குகிறாள். பிள்ளை வீட்டில் போய்ச் சொன்னால் கதை விடுகிறாய் என்பார்கள். நாவலின் அத்தனை சிரிப்புக்கும் அடியில் இருப்பது, பிள்ளையின் சொல்லைப் பெரியவர்கள் நம்புவதில்லை என்ற உண்மை.

அதே நாவலில் வரும் அன்பான ஆசிரியை மிஸ் ஹனி பாத்திரப் படைப்பில் டிரஞ்ச்புல்லுக்கு ஈடாகமாட்டார். அவர் மென்மையானவர், எல்லோரும் விரும்பும்படி இருப்பவர், அவ்வளவுதான் என்று முதலில் தோன்றுகிறது. கதை அவருடைய குடிசைக்குள் நுழைந்ததும் நிலைமை மாறுகிறது. சம்பளம் முழுவதும் பல ஆண்டுகளாகத் தம்மை வளர்த்த தாயின் சகோதரிக்கே போகிறது, அந்தச் சகோதரிதான் டிரஞ்ச்புல் என்று தெரியும்போது மிஸ் ஹனி வளர்ந்தபின்னும் பயம் விடாத பிள்ளையாகத் தெரிகிறார். அவரை மீட்பது மாணவி. ஆசிரியரைப் பிள்ளை காப்பாற்றும் இந்தத் தலைகீழ் ஏற்பாடு, நல்லவர்களுக்குப் பள்ளியில் அதிகாரம் இல்லை என்பதை ஒப்புக்கொள்வதுதான்.

பிள்ளையின் பார்வை எப்போதும் முழு உண்மையாக இருந்துவிடுவதுமில்லை. ஆர். கே. நாராயணின் ‘மால்குடி டேஸ்’ தொகுப்பில் உள்ள ஒரு கதையில், பள்ளிக்கு மட்டம் போட நினைக்கும் சுவாமிநாதன், சாமுவேல் வாத்தியார் அடித்து நொறுக்குவார் என்று அப்பாவிடம் அளக்கிறான். அப்பா உடனே தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறார். போகும் வழியெல்லாம் பையனுக்கு மனசாட்சி உறுத்துகிறது. சாமுவேல் அப்படியொன்றும் கொடியவர் இல்லையே! கடிதத்துக்கு நியாயம் சேர்க்க வேண்டுமானால் அவரை எப்படியாவது அடிக்கவைக்க வேண்டும். வகுப்பில் வம்பு பண்ணி, எதிர்த்துப் பேசி, ஒருவழியாகப் பிரம்படியை வாங்கிக்கொண்டு நிம்மதியாகக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓடினால், தலைமையாசிரியர் லீவில் இருக்கிறார். அவருக்குப் பதிலாகக் கடிதத்தை வாங்க வேண்டிய உதவித் தலைமையாசிரியர் சாமுவேலேதான். கொடிய ஆசிரியர் என்ற பிம்பத்தைப் பிள்ளை தானே கட்டி எழுப்புவதையும், அது பொய் என்று அதற்கே தெரிந்திருப்பதையும் இவ்வளவு துல்லியமாகக் காட்டிய கதை வேறொன்றைச் சொல்வது கடினம். நாராயணின் தந்தை மைசூரில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். மேஜையின் இரண்டு பக்கமும் நாராயணுக்குத் தெரியும்.

பிரெஞ்சு எழுத்தாளர் அல்ஃபோன்ஸ் தோதேயின் ‘கடைசிப் பாடம்’ கொடிய ஆசிரியர் என்ற பிம்பத்துக்கு வேறொரு கோணம் தருகிறது. பிரஷ்யாவிடம் பிரான்ஸ் தோற்று அல்சாஸ் பகுதி கைமாறிய பிறகு, இனி பள்ளியில் ஜெர்மன் மட்டுமே என்று உத்தரவு வருகிறது. இரும்பு ஸ்கேலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பயமுறுத்தும் ஹாமெல் அன்று கடைசியாகப் பிரெஞ்சுப் பாடம் நடத்துகிறார். பாடத்தைச் சொல்லத் தெரியாமல் நிற்கும் சிறுவனை அவர் அடிக்கவில்லை. பிள்ளைகளைத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற அனுப்பியது, மீன் பிடிக்கப் போவதற்காக லீவு விட்டது என்று தம் குறைகளையும் சொல்கிறார். அதே ஆள்தான், பின்னால் நின்ற அரசு போனதும் கையிலிருந்த ஸ்கேல் பொருளிழந்துவிட்டது.

அன்பான ஆசிரியரை எழுதுவதில் எட்மோண்டோ தெ அமிசிஸின் ‘குவோரே’ (1886) ஒரு பெரிய முயற்சி. இத்தாலி ஒரே நாடாகி அப்போது கால் நூற்றாண்டுதான் ஆகியிருந்தது. டூரின் நகரத்து ஆரம்பப் பள்ளி மாணவன் என்ரிக்கோவின் ஒரு வருட நாட்குறிப்பாக அமைந்த நாவலில், முதல் வாரத்திலேயே ஆசிரியர் பெர்போனி அறிமுகமாகிறார். முகத்தில் கொப்புளம் வந்த பையனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பின்னால் இன்னொருவன் பெஞ்சில் ஏறிக் கோமாளித்தனம் செய்கிறான். ஆசிரியர் திரும்புகிறார். பையன் தலையைக் குனிந்து அடிக்குக் காத்திருக்கிறான். அவர் அவன் தலையில் கையை வைத்து, இனி இப்படிச் செய்யாதே என்று மட்டும் சொல்கிறார். தமக்குக் குடும்பம் இல்லை, நீங்கள்தான் குடும்பம் என்று பிறகு வகுப்புக்குச் சொல்கிறார்.

காட்சி மனதைத் தொடுகிறது. ஆனால் பெர்போனியின் அன்புக்குப் பின்னால் ஒரு அரசு நிற்கிறது என்பதையும் மறைக்க முடியாது. தென்கோடிக் கலாப்ரியாவிலிருந்து வந்த புதுப் பையனை வகுப்பு தழுவிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அவனும் இத்தாலியன். அதற்காகத்தான் ஆயிரக்கணக்கானோர் உயிர் கொடுத்தார்கள் என்பது பாடம். இந்த அன்பின் வட்டத்துக்குள் வராதவன் ஃபிராந்தி என்ற முரட்டுப் பையன் ஒருவன்தான். மற்றவர்கள் கண்ணீர் விடும் இடங்களில் அவன் சிரிக்கிறான். பள்ளியிலிருந்து வெளியேற்றப்படுகிறான். கதை அவன் பக்கம் ஒருமுறைகூடச் சாயவில்லை. 1960களில் உம்பர்ட்டோ எக்கோ ஃபிராந்தியைப் புகழ்ந்தே ஒரு கட்டுரை எழுதினார். எல்லோருக்கும் அன்பு என்று அறிவித்த வகுப்பில் ஒருவன் மட்டும் எப்படி வெளியே போனான் என்ற கேள்வி நியாயமானது. அன்பான ஆசிரியரை அளக்க வேண்டியது நல்ல பிள்ளைகளை வைத்தல்ல.

எரிக் கேஸ்ட்னரின் ‘பறக்கும் வகுப்பறை’ 1933இல் வந்தது. அந்த ஆண்டு மே 10ஆம் தேதி பெர்லினில் நாஜிகள் புத்தகங்களை எரித்தபோது கேஸ்ட்னரின் நூல்களும் தீயில் விழுந்தன. கூட்டத்தில் நின்று அவர் அதைப் பார்த்தார். அதே ஆண்டில் அவர் எழுதிய விடுதி ஆசிரியர், மாணவர்கள் ‘யூஸ்டஸ்’ என்று செல்லமாக அழைக்கும் டாக்டர் ப்யோக். நண்பனை மீட்பதற்காக அனுமதியின்றி வெளியே போன மாணவர்களை அவர் விசாரிக்கிறார். விதியை மீறியதற்குத் தண்டனை உண்டு: விடுமுறை முடிந்த பிறகு ஒரு மதியம் வெளியே போகக்கூடாது. அந்த மதியத்தில் அவர்கள் தம் அறைக்குக் காபி குடிக்க வர வேண்டும் என்று சேர்த்துச் சொல்கிறார். பிறகு ஒரு கதை. ஆஸ்பத்திரியில் கிடந்த அம்மாவைப் பார்க்க இதே விடுதியிலிருந்து ஓடிப்போன ஒரு பையன் இருந்தான். அவன் மனம்விட்டுச் சொல்ல ஓர் ஆசிரியர்கூட இல்லை. தனியறையில் அடைக்கப்பட்ட அவனுக்காக நண்பன் உள்ளே உட்கார்ந்தான். பிள்ளைகள் எதையும் வந்து சொல்லும்படியான ஒருவராக இதே பள்ளியில் இருக்க வேண்டும் என்று அந்தப் பையன் முடிவு செய்தான். அந்தப் பையன் இப்போது அவர்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். விதியை ஒழிக்காமல் அதற்குள் மனிதருக்கு இடம் வைப்பது யூஸ்டஸின் வழி. நல்லாசிரியர்களில் வேலையும் மதிப்பும் போகாமல் தப்பிய சிலரில் அவர் ஒருவர்.

சோவியத் எழுத்தாளர் வாலெண்டின் ரஸ்புடினின் ‘பிரெஞ்சுப் பாடங்கள்’ (1973) கதையில் வரும் லிதியா மிகாய்லவ்னாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1948, போருக்குப் பிந்தைய பஞ்ச காலம். கிராமத்திலிருந்து தனியாக வந்து படிக்கும் பதினோரு வயதுப் பையன் பால் வாங்கக் காசுக்காகப் பெரிய பையன்களோடு காசாட்டம் ஆடி அடிபடுகிறான். பிரெஞ்சு ஆசிரியை கவனித்துவிடுகிறார். தனிப்பாடம் என்று வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பிடச் சொன்னால் வெட்கப்பட்டு மறுக்கிறான். வீட்டிலிருந்து வந்ததுபோல மக்ரோனி வைத்துப் பார்சல் அனுப்புகிறார். பிரித்துப் பார்த்த பையனுக்கு முதலில் சந்தோஷம். பிறகு யோசிக்கிறான்: எங்கள் ஊரில் மக்ரோனி ஏது? பார்சலைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கிறான்.

இந்த இடத்தில்தான் ரஸ்புடின் தம் பாத்திரத்தை உயரத்துக்குக் கொண்டுபோகிறார். தானத்தை வாங்காத பிள்ளை ஜெயித்த காசை வாங்கிக்கொள்வான் என்று ஆசிரியை கண்டுபிடிக்கிறார். அவனோடு தாமே காசு வைத்து ஆடுகிறார், தோற்கிறார். வேண்டுமென்றே தோற்பது தெரிந்தால் அவன் நிறுத்திவிடுவான் என்பதால் ஏமாற்றி ஆடுவதுபோல நடித்துச் சண்டையும் போடுகிறார். பக்கத்து வீட்டில் குடியிருக்கும் தலைமையாசிரியர் சத்தம் கேட்டு உள்ளே வருகிறார். மாணவனோடு சூதாடிய ஆசிரியை! விதிப்படி அவர் சொல்வதில் தவறில்லை. லிதியா மிகாய்லவ்னா ஊரை விட்டுப் போகிறார். குளிர்காலத்தில் பையனுக்கு ஒரு பார்சல் வருகிறது: அடுக்கிவைத்த மக்ரோனி, அடியில் மூன்று சிவப்பு ஆப்பிள்கள். ஆப்பிளை அதுவரை அவன் படத்தில்தான் பார்த்திருக்கிறான். பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டே வயிற்றை நிரப்புவது எப்படி என்ற கேள்விக்கு இவ்வளவு முழுமையான விடை சொன்ன கதை சிறார் இலக்கியத்தில் மிகக் குறைவு.

தமிழ் வாசகர்கள் ‘முதல் ஆசிரியர்’ என்ற பெயரில் மாஸ்கோ பதிப்பாகப் படித்த சிங்கிஸ் ஐத்மாத்தவின் குறுநாவல் (1962) இன்னொரு வகை. 1924இல் கிர்கீசியக் கிராமம் ஒன்றுக்கு வரும் துய்ஷேனுக்கே படிப்பு அரைகுறை. பழைய குதிரை லாயத்தைச் சுத்தம் செய்து பள்ளியாக்குகிறான். உறைபனி ஓடையில் பிள்ளைகளை முதுகிலும் கையிலும் சுமந்து கடத்துகிறான். குதிரையில் போகிறவர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். அநாதைச் சிறுமி அல்தினாயை இரண்டாந்தாரமாகத் தள்ளிவிடப் பார்க்கும்போது தடுத்து, கை முறிந்து விழுகிறான். அவளை நகரத்துக்கு அனுப்பிப் படிக்கவைக்கிறான். அவனுக்குப் பின்னால் ஒரு புதிய அரசு இருந்தது, லெனின் படமும் இருந்தது. கிராமத்துக்குள் அவன் தனி ஆள். பல ஆண்டுகள் கழித்து ஊரில் புதிய பள்ளி திறக்கும் விழாவுக்குக் கல்வியாளராக வந்த அல்தினாய் மேடையில் இருக்கிறாள். வாழ்த்துத் தந்திகளைக் கொண்டுவந்து சேர்க்கும் கிழத் தபால்காரன் துய்ஷேன். பிள்ளைகளை எழுத்தறியவைத்தவனுக்கு விழாவில் இடமில்லை என்ற அவமானத்தை ஐத்மாத்தவ் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

டெட்சுகோ குரோயனாகியின் ‘டோட்டோ சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’ (1981) புனைகதை அல்ல, நூலாசிரியையின் சொந்தப் பால்ய நினைவு. எனினும் தமிழ்நாட்டில் நேஷனல் புக் டிரஸ்ட் மொழிபெயர்ப்பு வழியாக ஆசிரியர்களிடையே பரவிய வேகத்தையும், அன்பான ஆசிரியர் என்ற பிம்பத்தை அது மாற்றிய விதத்தையும் பார்த்தால் அதை விட்டுவிட முடியாது. டோக்கியோவில் பழைய ரயில் பெட்டிகளை வகுப்பறையாக வைத்துத் தோமோயே பள்ளியை நடத்திய கோபயாஷி, முதல் நாள் அந்தச் சிறுமி பேசப் பேச நான்கு மணி நேரம் கேட்டார் என்பதைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதைவிடச் சொல்ல வேண்டியவை இரண்டு உண்டு. மலக்குழியில் விழுந்த பர்ஸைத் தேடிச் சிறுமி குழியிலிருப்பதை அள்ளி வெளியே குவித்துக்கொண்டிருக்கிறாள். அந்த வழியாக வந்த தலைமையாசிரியர் எல்லாவற்றையும் திரும்பப் போட்டுவிடுவாய்தானே என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார். திட்டவுமில்லை, உதவவுமில்லை, அவளை ஒரு பொறுப்புள்ள ஆளாக நடத்தினார்.

இன்னொன்று அவர் கோபப்பட்ட சந்தர்ப்பம். உடல் வளர்ச்சி நின்றுபோன தகஹாஷி என்ற மாணவனிடம், உனக்கு வால் இருக்கிறதா என்று ஓர் ஆசிரியை வகுப்பில் விளையாட்டாகக் கேட்டுவிடுகிறார். மாலையில் சமையலறையில் வைத்து அந்த ஆசிரியையைக் கோபயாஷி கடிந்துகொள்வதைச் சிறுமி தற்செயலாகக் கேட்கிறாள். மற்ற ஆசிரியர்கள் காதில் விழக்கூடாதென்று அவர் அந்த இடத்தைத் தேர்ந்திருந்தார். பிள்ளைக்காகச் சக ஆசிரியரிடம் கோபப்படவும், அந்த ஆசிரியரின் மரியாதையைக் காக்கவும் ஒரே நேரத்தில் தெரிந்திருப்பதுதான் அவரை வெறும் ‘நல்ல மனிதர்’ என்பதற்கு மேலே கொண்டுபோகிறது. 1945இல் குண்டுவீச்சில் தோமோயே எரிந்துபோனது.

ரௌலிங்கின் ஹாரி பாட்டர் நாவல்கள் இரு வகை ஆசிரியர்களையும் ஒரே பள்ளிக்குள் அடைத்துவைத்தன. அமைச்சகத்தின் ஆணைகளைச் சுவரில் ஆணியடித்துக்கொண்டு, எழுதுகிறவனின் கையிலேயே சொற்களைக் கீறும் பேனாவால் இம்போசிஷன் எழுதவைக்கும் அம்பிரிட்ஜ் நிறுவனக் கொடுமையின் தெளிவான உருவம். மூன்றாம் நாவலில் (1999) வரும் லூபின் இதற்கு எதிர்முனை. எதிரே நிற்பவரின் பயத்தின் உருவை எடுக்கும் பிராணி நெவில் என்ற மாணவன் முன்னால் வந்து நிற்கும்போது ஸ்நேப் என்ற ஆசிரியராக மாறுகிறது. அந்தப் பையனின் வாழ்க்கையில் மிகப் பெரிய பயம் ஒரு வாத்தியார்! ஸ்நேப்பைப் பாட்டியின் உடையில் நினைத்துப் பார்க்கச் சொல்லி வகுப்பையே சிரிக்கவைத்துப் பயத்தைக் கரைக்கிறார் லூபின். வருட முடிவில் அவர் ஓநாய் மனிதர் என்ற ரகசியம் வெளியாகிறது; பெற்றோர் எதிர்ப்பார்கள் என்று தெரிந்து வேலையை விட்டுப் போகிறார்.

தமிழில் இந்தப் பொருளைத் தொட்ட கதைகளில் இரா. நடராசனின் ‘ஆயிஷா’ அளவுக்கு ஆசிரியர்கள் கையில் புழங்கியது வேறில்லை. 1990களில் வந்த சிறிய கதை; பின்னர் தனிப் புத்தகமாக அச்சாகி, அறிவொளி, அறிவியல் இயக்கக் கூட்டங்கள் வழியாக ஊர் ஊராகப் போனது. ஓர் அறிவியல் ஆசிரியை தாம் எழுதிய நூலுக்கு எழுதும் முன்னுரையாகக் கதை அமைந்திருக்கிறது. கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும் மாணவி ஆயிஷாவை மற்ற ஆசிரியைகள் அடிக்கிறார்கள். யாரும் டிரஞ்ச்புல் போன்ற அரக்கி இல்லை. பாடத்தை முடிக்க வேண்டும், தேர்வு வருகிறது, இந்தப் பெண் நேரத்தைக் கெடுக்கிறாள் என்ற அன்றாட எரிச்சல்தான் பிரம்பாக இறங்குகிறது. அடியின் வலி தெரியாமல் இருக்க உடம்பை மரத்துப்போகவைக்கும் ரசாயனத்தைத் தானே செலுத்திக்கொள்கிறாள் ஆயிஷா. அதில் உயிர் போகிறது.

முன்னுரை எழுதும் ஆசிரியை ஆயிஷாவை அடிக்கவில்லை. அவளுடைய அறிவைக் கண்டு வியந்தவர், புத்தகம் கொடுத்தவர், அவளை நேசித்தவர். ஆனால் சக ஆசிரியைகளின் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை. மிஸ் டெம்பிள் பொருளாளரின் முகத்துக்கு நேரே நின்றார், லிதியா வேலையை இழந்தார், துய்ஷேன் கை முறிந்து விழுந்தான், கோபயாஷி சமையலறையில் கோபப்பட்டார். இந்த ஆசிரியையிடம் அன்பு இருந்தது, விலை கொடுக்கும் துணிவு வரவில்லை. கொடியவர், அன்பானவர் என்ற இரு பெட்டிகளிலும் அடங்காத இந்த மூன்றாமவர்தான் உண்மையான பள்ளிகளின் ஆசிரியர் அறைகளில் அதிகம் உட்கார்ந்திருப்பவர். சிறார் கதைகள் அவரை அநேகமாக எழுதியதே இல்லை. நடராசன் கதை சொல்லும் பொறுப்பையே அவரிடம் கொடுத்தார். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்தது. ஆயிஷா எழுதப்பட்டது அதற்குப் பல ஆண்டுகள் முன்பு. அடிப்பவரைச் சட்டம் தடுக்கலாம், பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அதில் எந்தப் பிரிவும் இல்லை. ஆயிஷா அந்த ஆசிரியருக்காக எழுதப்பட்ட கதை.